ஹுமேராவின் வாசலில் வைத்த மூட்டை

786

கரும்புக்கடை,
கோவை.

அன்பு மகன் ரைஹானுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ சிட்னியில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருவாய் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பொய், நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்து பொய் சொன்னதால்தான் இந்தத் தெருவில் இவ்வளவு ரத்தம் சிந்தியது, அதனால் நான் எழுதமாட்டேன். உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் தெரிந்துகொள். போன வாரம் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ கத்தினாய், நிஜாம் கையை எதுக்கும்மா உடைச்சீங்க, அடுத்தவன் குடும்பத்துல உங்களுக்கு என்னம்மா வேலை, அந்தப் பொம்பளையையும் புள்ளையையும் மொதல்ல வெளிய அனுப்புங்க, அது என் வீடு என்றாய். நான் பதில் சொல்ல மூச்சு இழுப்பதற்குள் கட் செய்துவிட்டாய். காகிதத்தை உன்னால் அப்படிக் கட் செய்ய முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் கசக்கி எறி, பிறகு எடுத்துப் பிரித்துக் கடைசி வரைக்கும் படி.

நிஜாம் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், பெருநாளுக்குப் பெருநாள் என் கையால் பிரியாணி தின்றவன், நான் ஒன்றையும் மறக்கவில்லை. கணபதியில் அவன் வேலை பார்த்த லேத் பட்டறையில் ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது அவனையும் நிறுத்தினார்கள், அது அவன் குற்றமில்லை, இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் அதே நிலைமைதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அவன் குற்றம். பகல் முழுக்கப் படுத்துக்கொண்டு போனில் ரம்மி ஆடினான். அவன் பெண்டாட்டி ஹுமேரா நைட்டி தைத்துக் கொடுத்து அந்தப் பெண் குழந்தை ஹிபாவுக்குச் சோறு போட்டாள், அந்தத் தையல் மெஷினையும் ஒருநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் விற்றுப்போட்டான். ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டதற்கு அறை விழுந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, சிரித்த முகமாகத்தான் போவாள் வருவாள், நம் தெருவில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் காப்பதில் நாமெல்லாம் பெரிய கெட்டிக்காரர்கள் அல்லவா. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் ஹிபாவுக்குக் காலையும் மதியமும் அங்கேயே சாப்பாடு கிடைத்துவிடும், சனிக்கிழமை வந்தால் பட்டினி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து நாளைக்கு ஸ்கூல் வெப்பாங்களாங்க என்று கேட்டாள். நான் ஒரு மண்டு, பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு ஆசை பார் என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்பிவைத்தேன்.

உன்னைப் பெற்ற அத்தாவுக்குத்தான் விஷயம் புரிந்தது. நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுகிறவர் அவர்தானே. ஹிபா ஒரு போசியில் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, வேறொரு போசியை எடுத்துக்கொண்டு, முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு மறுபடியும் வந்து வரிசையில் நின்றிருக்கிறாள், வேறு பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று. அத்தா ஒன்றும் கேட்காமல் ஊற்றி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சொல்லவில்லை. நம் மஹல்லாவில் இல்லாத வீட்டுக்குக் கொடுக்கிற முறை உனக்கு நினைவிருக்கும், விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் வாசலில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, பெருநாள் நெருங்கினால் வீட்டில் எல்லாருக்கும் துணி. வைத்தவர் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாது, கட்டிய மனைவிக்கும் தெரியக்கூடாது, யாராவது கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டும், சொல்லிக்காட்டினால் அல்லாஹ்விடம் கிடைக்கும் நன்மை போய்விடும் என்று பயம். வாங்குகிறவர்கள் யார் முகத்தைப் பார்த்தும் கூச வேண்டியதில்லை, நல்ல முறைதான், நானும் இத்தனை நாள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தா நம் சாக்குக் கடையிலிருந்தே ஒரு புதுச் சாக்கை எடுத்து எல்லாம் போட்டு, காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஹிபாவுக்கு ஒரு கவுனும் ஹுமேராவுக்கு நல்ல ரோஸ் நிறத்தில் ஒரு சுடிதார் துணியும் எடுத்து வைத்திருக்கிறார். நிஜாமுக்கு லுங்கி வைக்கவில்லை. தையல் மெஷினை விற்றுத் தின்றவனுக்கு லுங்கி ஒன்றுதான் கேடா என்று ஆத்திரம். உன் அத்தாவுக்கு ஆத்திரம் வந்து நீ பார்த்திருக்கிறாயா, நான் பார்த்ததில்லை, வந்த ஒரே ஆத்திரம் இப்படி வந்து தொலைத்தது.

அன்றைக்கு விடியும்போது கதவைத் திறந்தவன் நிஜாம். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பெண்டாட்டிக்கு ரோஸ் துணி இருக்கிறது, பிள்ளைக்குக் கவுன் இருக்கிறது, தனக்கு ஒன்றுமில்லை. தன் வீட்டுப் பட்டினி யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் நினைப்பு, அதனால் இது எவனோ அவள் மேல் ஆசைப்பட்டு வைத்தது என்று சந்தேகம். நேராகப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறான். தொழுகை முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்று, எங்க ஊட்டு வாசல்ல மூட்டை வெச்சது உங்கள்ல யாருங்க என்று கேட்டிருக்கிறான். ஜமாத் செக்ரட்டரி உவைஸ், நாங்க யாரும் இல்லீங்க என்றார். பக்கத்தில் நின்றவர் இல்லை என்றார், அதற்குப் பக்கத்தில் நின்றவரும் இல்லை என்றார். கடைசியில் அத்தாவிடமே வந்து, கையூம் மாமா நீங்களாவது சொல்லுங்க என்று கேட்டிருக்கிறான். அத்தா, தொழுகைக்கு ஒளூச் செய்த ஈரம்கூடக் காயாத அந்த முகத்தோடு, எனக்குத் தெரியாதுப்பா என்று சொல்லிவிட்டார். நன்மையைக் காப்பாற்றிக்கொண்ட நிம்மதியில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவனும் அவன் வீட்டுக்குப் போனான்.

அங்கே என்ன நடந்தது என்று உன் நண்பன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான், நான் சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும் படி. கதவைத் தாழ் போட்டான். அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, கொட்டிக் கிடந்த அரிசியில் அவள் முகத்தை வைத்துத் தேய்த்தான், பேரைச் சொல்லு பேரைச் சொல்லு என்று. தெரியாத பேரை அவள் எங்கிருந்து சொல்வாள். மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து முழங்காலில் அடித்தான், முதுகில் அடித்தான், காதோடு சேர்த்து அடித்தான், இன்றைக்கும் அந்தக் காது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அந்த ரோஸ் துணியையே எடுத்து அவள் கழுத்தில் சுற்றி இறுக்கியிருக்கிறான். ஹிபா பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அழவில்லை கண்ணு அந்தப் பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி நின்று, எங்கம்மாளுக்கு நாக்கு வெளிய வந்துருச்சுங்க, கொஞ்சம் வாரீங்களா என்றாள்.

தலையில் துணிகூடப் போடாமல் ஓடினேன். அவர்கள் இருக்கிற லைன் வீட்டுக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கிற பங்காரம்மாவை உனக்குத் தெரியும், வீட்டுக்குள் தெலுங்கும் கடையில் தமிழுமாகப் பேசுவாரே, அவரும் சத்தம் கேட்டு மிளகாய்ப்பொடி டப்பாவோடு வந்து கதவை உதைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அந்தம்மாவுக்கு மரியாதை குறையவில்லை, ஏனுங்க நிஜாமு, கதவத் தொறந்துருங்க, இல்லீன்னா ஒடச்சுப்போடுவோமுங்க என்று கத்துகிறார். நான் அவர் கடை அடுப்பிலிருந்து எரியாத விறகுக் கட்டையை உருவி, கதவு பிளக்கும் வரை அடித்தேன். உள்ளே போனால் அவன் அவள் முதுகில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான், கை இரண்டும் துணியின் இரண்டு முனையில். அவள் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன், விடவில்லை. பிறகு அவன் வலது கையைப் பார்த்து என் பலம் முழுக்க இறக்கினேன். மளுக்கென்று சத்தம் கேட்டது. அப்புறம்தான் விட்டான். விட்டவன் இடது கையால் கம்பியை எடுத்து என் மேல் வீசினான், தடுத்ததில் என் உள்ளங்கை கிழிந்தது, தையல் போட்டிருக்கிறது, எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை, நீ பதறாதே. பங்காரம்மா டப்பாவை அப்படியே அவன் கண்ணில் கொட்டினார். நீ கேட்டாயே எதற்கு உடைத்தீர்கள் என்று, இதற்குத்தான் உடைத்தேன். எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை, இன்னொரு முறை என்றாலும் அதே இடத்தில்தான் அடிப்பேன்.

ஹுமேராவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தொண்டை வீங்கி அவளால் பேச முடியவில்லை, போலீஸ் வந்து கேட்டபோது காற்றுதான் வந்தது. நான் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன், அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு வழியெல்லாம் சொன்னாள், ஆனால் அதற்குள் நம் பெரியவர்கள் ஸ்டேஷனுக்குப் போய், இது குடும்பத் தகராறுங்க, நாங்களே பேசி முடிச்சுக்கறோமுங்க என்று அவனைக் கூட்டிவந்துவிட்டார்கள். கையில் மாவுக்கட்டோடு அவன் தெருவில் ராஜா மாதிரி நடந்தான். மூட்டை வெச்சவன் பேரை அவ சொல்லட்டும், இல்லீன்னா எனக்கு அவ வேண்டாம் என்றான். மேட்டுப்பாளையத்தில் இருக்கிற அவள் அண்ணனுக்குச் சொன்னோம், பேர் கெட்டுப்போனவளைக் கூட்டிவந்தால் என் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று போனை வைத்துவிட்டான். வாடகை வீட்டுக்காரர் சாமானை வெளியே எடுத்து வைத்தார். ஜமாத்தில் கேட்டால், விஷயம் தெளிவாகாமல் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எப்படி உதவி செய்வது என்றார்கள். யோசித்துப் பார் ரைஹான், உதவி செய்ததே இவர்கள், அதனால் அடிபட்டவள் அவள், இப்போது உதவி கிடையாது என்பதும் இவர்களே. அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சோறும் கூரையும் ஒரே ஒரு மனுஷன் வாயைத் திறப்பதில்தான் இருந்தது.

ஜமாத்தில் பேச்சுவார்த்தை வைத்த அன்று காலையில் அத்தா சட்டைப் பட்டனைப் போடத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது, நீங்களா என்று கேட்டேன். சொல்லக் கூடாது சித்திகா என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பேசியதையெல்லாம் ஒரு பிள்ளைக்கு எழுதக்கூடாது, ஒன்று மட்டும் சொல்கிறேன், உங்க நன்மையெல்லாம் மூட்டை கட்டி அவ கபர்ல கொண்டுபோய் வையுங்க என்றேன். அவர் அழுதார். நன்மை போனால் போகட்டும் சித்திகா, இந்த வயசுல சின்னப் பொண்ணுக்கு ரோஸ் துணி எடுத்திருக்கேன்னா ஊர் என்னைப் பத்தி என்ன பேசும் என்றார். பேசட்டும், அவளைப் பேசுவதைவிட உங்களைப் பேசட்டும், நான் உங்க பக்கத்துல நிக்கறேன், கிளம்புங்க என்றேன்.

ஜமாத் கூடுகிற அந்த இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை, நானும் பங்காரம்மாவும் கேட்டருகில் நின்றோம். போகச் சொன்னார்கள், போகவில்லை. அத்தா எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், மூட்டை நான் வெச்சதுங்க, அந்தத் துணி நான் எடுத்ததுங்க, அன்னைக்குக் கேட்டப்ப பொய் சொல்லிப்போட்டேனுங்க, அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க என்று. பின்னாலிருந்து எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. நிஜாம், கெழவா நீதானா என்று பாய்ந்து அந்த மாவுக்கட்டுக் கையாலேயே அத்தா முகத்தில் ஓங்கி அடித்தான். நான் உடைத்த கைக்குப் போட்ட கட்டு, கல்லாக இறுகியிருந்தது. விழுந்தவரை மறுபடியும் அடித்தான், மிதித்தான், கட்டு முழுக்க ரத்தம். நான் ஓடிப் போய் அவர் மேல் விழுந்து மறைத்துக்கொண்டேன், என் முதுகிலும் மிதி விழுந்தது. அதன் பிறகுதான் அந்த ஆண்பிள்ளைகளுக்குக் கை கால் வந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். முன்பு ஒருமுறை, அத்தா ஏன் போனில் பேச மாட்டேன் என்கிறார், என் மேல் கோபமா என்று கேட்டாயே கண்ணு. அவர் தாடை இரண்டு இடத்தில் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறார். ரைஹானுக்குச் சொல்லாதே, வருத்தப்படுவான் என்று எழுதிக் காட்டினார். இனி இந்த வீட்டில் யாரும் எதையும் மறைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

இந்த முறை புகார் கொடுத்தது நான், எந்தப் பெரியவரும் குறுக்கே வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். வந்தவன் எல்லாருக்கும் போன் போட்டு அழுகிறான், உனக்கும் போட்டிருக்கிறான், அத்தா தாடையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முந்தாநாள் நம் வீட்டு ஜன்னலில் கல் விழுந்து கண்ணாடி கட்டிலில் இருந்த துணி மேலெல்லாம் சிதறியது. நான் வாசலில் நாற்காலி போட்டு, அதே விறகுக் கட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அன்றைக்கு அத்தாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது உவைஸ் தலையில் அடித்துக்கொண்டு, நானும் இப்படித்தானுங்க வெக்கறேன், நானும் பொய் சொன்னேனுங்க என்று அழுதார். அழுது என்ன புண்ணியம், இனிமேல் உங்கள் மூட்டை எங்களுக்கு வேண்டாம், சாமானைப் பெண்களிடம் கொடுங்கள் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். இப்போது சனிக்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், பங்காரம்மா கடையில் வைத்துக் கொடுக்கிறோம். பெண் கையிலிருந்து பெண் கைக்கு. யார் கொடுத்தது என்று பேரோடு சொல்லித்தான் கொடுக்கிறோம், எந்தத் தெருவிலிருந்து எந்தச் சாதி எந்த மதம் வந்தாலும் கொடுக்கிறோம். கேட்டு வாங்க வெட்கப்படுவார்களே என்று நான்தான் தயங்கினேன். எங்க கடைல இட்லிக்குக் கடன் சொல்றவங்க யாருமே வெக்கப்படறதில்லீங்க, அரிசிக்கு மட்டும் எதுக்குங்க வெக்கம் என்று பங்காரம்மா ஒரே போடாகப் போட்டார். முதல் சனிக்கிழமை ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், போன வாரம் கொண்டுவந்த சாமான் பத்தவில்லை. நம் தெருவிலேயே இத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லையா என்று எனக்குத் தலை சுற்றியது. ஹுமேரா நொண்டிக்கொண்டே வந்து அரிசி அளந்து போடுகிறாள். குரல் இன்னும் சரியாக வரவில்லை, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கும் காதைத் திருப்பிக் காட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.

அவளும் ஹிபாவும் உன் அறையில்தான் இருக்கிறார்கள். உன் துணிமணியை மடித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன், ஒன்றும் தொலையவில்லை. அது என் வீடு என்றாய், உண்மைதான், நீ சம்பாதித்து வாங்கியது, பத்திரம் உன் பேரில்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் இல்லை என்று சொன்னதால்தான் அவள் சாகக் கிடந்தாள், ஐந்தாவதாக என் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டேன். அத்தாவால் வாயைத் திறக்கவே முடியாது. அவர்களை அனுப்பத்தான் வேண்டும் என்றால் அதை நீதான் சொல்ல வேண்டும்.

அங்கே குளிர் ஆரம்பிக்கிற நேரம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றையே நாலு நாள் தின்னாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கை நிறைந்த வரும்படியையும் பிறர் வலி தெரிகிற நெஞ்சையும் தரட்டும், ஐந்து நேரமும் உனக்காகத்தான் கையேந்துகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அத்தாவின் போனை இப்போது ஹிபாதான் எடுக்கிறாள். ஆண் குரல் கேட்டால் போனைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள், அதனால் மெதுவாகப் பேசு, ரைஹான் மாமா பேசுகிறேன் என்று முதலில் உன் பெயரைச் சொல். சொல்லிவிட்டு, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டை விட்டு வெளியே போ என்று அவளிடம் நீயே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்திகா